உலகப் போரைச் சொன்ன லோடர் டிரைவர் செல்லத்துரை

செவ்வாய்க்கிழமை காலை சைட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தொழிலாளர் கேம்பிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். “சார், நம்ம செல்லத்துரை அண்ணன் போயிட்டாரு. ஊர் ஆஸ்பத்திரியிலதான். நுரையீரல் மொத்தமா கெட்டுப்போச்சாம்.” ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நாற்பத்தாறு வயது. சாகிற வயதா அது?

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம். அமீரகத்தில் ராஸ் அல் கைமா கல்குவாரியில் எட்டு ஆண்டுகள் கல் அள்ளும் லோடர் ஓட்டினார். பி.ஏ. வரலாறு படித்தவர் என்பதே எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமைகளில் கறிக்குழம்பு கொதிக்கும் நேரத்தில் அறையில் முதல் உலகப் போரைச் சொல்வார். சூப்பர்வைசர் என்ற கெத்தையெல்லாம் விட்டுவிட்டு நானும் போய் உட்கார்ந்துவிடுவேன்.

“ஆஸ்திரியா இளவரசரைச் சுட்டதாலதான் சண்டைன்னு பரீட்சையில எழுதினா மார்க் போடுவான். ஆனா அது தீக்குச்சிதான் சார். பெட்ரோலை எல்லாருமா சேர்ந்து முன்னாடியே ஊத்தி வச்சிருந்தானுங்க. நீ அடிச்சா நான் வருவேன்னு ஆளாளுக்கு ஒப்பந்தம். எந்த ரயில்ல எந்தப் படை ஏறணும்னு எப்பவோ பட்டியல் போட்டாச்சு. கடைசி நேரத்துல ஜெர்மன் ராஜா கைசரே பயந்து, பிரான்ஸ் பக்கம் போகாதே, நிறுத்துன்னாரு. தளபதி என்ன சொன்னான் தெரியுமா? ஏற்பாடு முடிஞ்சுது, இனி மாத்த முடியாதுன்னுட்டான்.”

பிரான்சில் மார்ன் நதிக்கரையில் ஜெர்மன் படை திரும்பியதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். “அங்கதான் திருப்பம். சீக்கிரம் முடிச்சிடலாம்ங்கிற கணக்கு அன்னிக்கே செத்துப்போச்சு. அதை ஒத்துக்க ஒருத்தனுக்கும் மனசு வரல. ரெண்டு பக்கமும் குழி தோண்டி உக்காந்துட்டான். அமெரிக்கா வந்து, ஜெர்மனி மூச்சு முட்டி விழறதுக்குள்ள நாலு வருஷம். நம்ம ஊர் ஆளுங்களையும் வெள்ளைக்காரன் இந்தக் கடல் வழியாத்தான் சார் இராக்ல சண்டை போட பஸ்ராவுக்கு ஏத்திட்டுப் போனான்.”

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. வெயில் காலத்தில் மதிய இடைவேளைக்கு முன்பே பாறைக்கு வெடி வைத்து முடிக்க வேண்டும். ஆட்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டதாகப் பட்டியலில் டிக் போட்டால்தான் வெடிக்கலாம். நேரம் மிச்சப்படுத்த அந்த டிக்கை நான் காலையிலேயே, தலையை எண்ணாமலே, போட்டுவிடுவேன். அன்றும் அப்படித்தான். சைரன் ஒலித்துக்கொண்டிருந்தது. வாக்கி டாக்கியில் செல்லத்துரையின் குரல் வந்தது.

“சார், ஒரு ஆள் குறையுது. பீகார் பையாவைக் காணோம்.”

“பட்டியல் சரியா இருக்குய்யா. சைரன் போயாச்சு. யல்லா, சீக்கிரம் ஒதுங்கு.”

அவர் ஒதுங்கவில்லை. லோடரைத் திருப்பி, வெடி வைத்த பாறைக்குக் கீழேயே கொண்டுபோய் நிறுத்தினார். “உள்ள வந்துட்டேன் சார். இப்ப வெடிங்க பாப்போம்.” வெடியை நிறுத்தினோம். லோடர் இரைச்சல் பக்கத்தில் கேட்டு, கற்குவியலுக்குப் பின்னால் நிழலில் அசந்து தூங்கிய அந்தப் பீகார் தொழிலாளி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தார்.

மேலிடம் விளக்கம் கேட்டது. உண்மையை எழுதினால் என் வேலை போய்விடும். பிள்ளைகள் படிப்பு, குடும்ப விசா எல்லாம் கண்முன் வந்து நின்றன. ‘சைரனை மீறி உள்ளே நுழைந்தார்’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தண்டனையாக அவரைக் கல்லுடைக்கும் கிரஷருக்கு மாற்றினார்கள். அங்கே மூன்றடி தள்ளி நிற்பவர் முகம் தூசியில் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து என்னிடம் வந்தார். “சார், ராவெல்லாம் இருமல். நெஞ்சு அடைக்குது. பழைய வண்டிக்கே மாத்திவிடுங்க.”

“ஆர்டர் மேலேருந்து வந்தது செல்லத்துரை. இனி மாத்த முடியாது.”

அவர் சிரித்தார். “கைசரோட தளபதி பேசுறாப்பலயே இருக்கு சார்.” இருமிக்கொண்டே போய்விட்டார். பாவி நான், அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. விசா புதுப்பிக்க எடுத்த அடுத்த மெடிக்கலில் நுரையீரல் கெட்டது தெரிந்து, விசா ரத்தாகி ஊருக்கு அனுப்பப்பட்டார்.

நேற்று அவர் மனைவியிடம் போனில் பேசினேன். “என்ன தப்பு பண்ணாருன்னு சார் அவரைத் தூசியில போட்டாங்க? கடைசி வரைக்கும் எங்கிட்ட சொல்லவே இல்ல” என்றார். எல்லாவற்றையும் சொன்னேன், டிக் போட்டதையும் சேர்த்து.

“எங்கிட்ட சொல்லிட்டீங்க. அவருகிட்ட சொன்னீங்களா?”

“இல்லம்மா” என்றேன். போனை வைத்துவிட்டார்.

செல்லத்துரை, தப்பு உங்களுடையதல்ல, என்னுடையது. நீங்கள் உயிரோடிருந்தபோது சொல்லியிருக்க வேண்டும். போய் வாருங்கள்.