ஐஸ் பெட்டியில் வைத்த துப்பாக்கி

ஜானட் காற்றை எடை போட்டுக்கொண்டிருந்தார்.

நகைக்கடையில் இருக்குமே, பக்கத்தில் நின்று தும்மினாலே எண் மாறிவிடும் சின்னத் தராசு, அதன் மேல் ஒரு சாண் நீள அலுமினியச் சிலிண்டரைப் படுக்க வைத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எண்ணைப் படித்தார். சிலிண்டரில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில், நேற்று மாலை எழுதிய எண்ணுக்குக் கீழே இன்றைய எண்ணை எழுதினார். போட்டித் துப்பாக்கியின் குண்டைத் தள்ளும் காற்று அந்தச் சிலிண்டருக்குள்தான் அடைபட்டிருக்கிறது. ஒரே இரவில் அரை கிராம் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

"மீட்டரு முள்ளு பொய் சொல்லும் சார். ராவெல்லாம் கசிஞ்சாலும் அதே எடத்துலயே குந்திகினு இருக்கும். வெயிட்டு பொய் சொல்லாது. காத்துக்கும் வெயிட்டு கீது, இன்னா நென்சிகினு கீறீங்க?"

ஐம்பத்து நான்கு வருடமாக அதே காற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கும் நான், அதற்கு எடை உண்டு என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஜானட்டின் கடையில் எல்லாரும் ஒரு நாள் அப்படி நின்றவர்கள்தான்.

ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து கடல் பக்கம் திரும்பும் சந்தில் இருக்கிறது கடை. பலகையில் கணவர் இக்னேஷியஸின் பெயர். அவர் டெம்போ ஓட்டுவார், சுமை ஏற்றுவார், இறக்குவார். உள்ளே திருகுவதெல்லாம் ஜானட். கப்பலில் தீப்பிடித்தால் புகைக்குள் நுழைகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் மூச்சுக்காற்றுச் சிலிண்டர்களைச் சோதித்து நிரப்பிக் கொடுப்பதுதான் தொழில். காட்டுப்பள்ளியில் நிற்கும் கப்பல்களிலிருந்துகூட வரும். ஏழெட்டு வருடத்துக்கு முன் எங்கள் திருவொற்றியூர் துப்பாக்கி சுடும் கிளப்புக்காரர் ஒருவர், காற்று நிரப்ப வேறு வழி தெரியாமல் இவரிடம் வந்து நின்றார். ஜானட் அந்தக் குட்டிச் சிலிண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அது யானை, இது எலி. ரெண்டுக்கும் மூச்சு ஒண்ணுதான்" என்றாராம். அன்று தொடங்கியது. இப்போது வட சென்னையில் போட்டிக்குச் சுடுகிற யாருக்காவது துப்பாக்கி மக்கர் பண்ணினால் நேரே இங்கேதான் வருகிறார்கள்.

ஜானட்டுக்கு ஐம்பது வயது இருக்கும். குட்டையான உருவம், முழங்கை வரை மடித்த ஆண்பிள்ளைச் சட்டை, கீழே சேலை. மேசையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி விரித்திருக்கும். தெறித்து விழுகிற ஸ்பிரிங் அதில் கண்ணுக்குத் தப்பாது. எந்த வால்வைத் திறந்தாலும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் திறப்பார். வீட்டில் குக்கரைத் திறக்கும்போதும் அப்படித்தான் என்கிறார் இக்னேஷியஸ். ரப்பர் வளையங்களை, ஞாயிறு திங்கள் என்று கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டியில் அளவுவாரியாகப் போட்டு வைத்திருக்கிறார். "புதன் ஒண்ணு குடு" என்று கணவரிடம் கையை நீட்டுவார். அவரும் மறுபேச்சில்லாமல் புதனில் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்.

கொரோனா வந்த வருடத்தில் ஜானட்டுக்கு வாசனை போயிற்று. இன்று வரை திரும்பவில்லை. மணலித் தொழிற்சாலைகளிலிருந்து காற்று இந்தப் பக்கம் வீசும் நாளில் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும்போது இவர் மட்டும் நிதானமாக டீ குடிப்பார். "எனுக்கு ஒரு பேஜாரும் இல்ல. ஆனா கருவாட்டுக் கொயம்பு வெச்சா ருசியே தெர்ல சார், அதான் கஷ்டம்" என்பார்.

அவரிடம் போய் "துப்பாக்கி சரியில்லை" என்று மட்டும் சொல்லக் கூடாது. நான் சொல்லியிருக்கிறேன். ஐம்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டுச் சுட வந்தவன் நான்; என் குண்டுகள் பலகையின் நான்கு திசைக்கும் சமமாகப் போகும். ஜானட் என் துப்பாக்கியை இரண்டு நாள் வைத்திருந்து, எடை போட்டு, பத்துக் குண்டு சுட்டுப் பார்த்து, துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "இது சோக்கா கீது சார். நீங்கதான் ரிப்பேரு."

ஆகையால் நவ்ரீனை அவரிடம் கூட்டிப்போனபோது எனக்கு உள்ளூரப் பயம்தான்.

நவ்ரீன் எங்கள் கிளப்பிலேயே நன்றாகச் சுடுகிற பெண். வயது இருபத்து நான்கு. பத்து மீட்டர் தூரத்தில் சட்டைப் பொத்தான் அளவு நடு வட்டம். அதில் அவள் குண்டு ஒன்றன் மேல் ஒன்றாகப் போய் உட்காரும். பயிற்சியில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று அறுபதுக்குக் குறைந்ததே இல்லை. ஆனால் அந்த வருடம் நடந்த இரண்டு தகுதிப் போட்டியிலும் ஐந்நூற்று நாற்பதை ஒட்டி நின்றுவிட்டாள். முதல் இருபது குண்டு பிரமாதமாகப் போகும். பிறகு கீழே கீழே இறங்கும். மூன்றாவது போட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை. அதில் ஐந்நூற்று ஐம்பது எடுத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு மனுப் போடலாம். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்: போட்டி என்றால் பிள்ளைக்குக் கை நடுங்குகிறது. பயிற்சியாளர் சொன்னார், நானும் சொன்னேன். கடைசியில் அவளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "துப்பாக்கில ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. எனக்குத்தான் பயம். அங்கிள் சொன்னாருன்னு வந்தேன்" என்றாள் ஜானட்டிடம். சொல்லும்போது தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பின்னால் ஸ்டூலில் அவள் அம்மா சாபிரா, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி.

ஜானட் ஏறிட்டுப் பார்த்தார். துப்பாக்கி சரியில்லை என்று சொல்லாமல் அவர் கடைக்குள் வந்த முதல் ஆள் இவள்தான்.

"பயமா இல்லியான்னு நான் சொல்றேன். நீ குந்து கண்ணு."

சிலிண்டரை எடை போட்டார். கசிவு இல்லை. களிமண் அடைத்த இரும்புக் குழாய்க்குள் பத்துக் குண்டு சுட்டார். குண்டின் வேகத்தைக் காட்டும் சிறு கருவி பத்து முறையும் வினாடிக்கு நூற்றைம்பது மீட்டரை ஒட்டியே காட்டியது. விசையில் அரைக்கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கினார்; விதிப்படி தாங்கியது. கழற்றிப் பார்த்துவிடலாமே என்றேன் நான்.

"ஓடிகினு கீறத தொறந்தா குத்தம் ஓடிப்பூடும் சார். அது தப்பு பண்ணும்போது கையும் களவுமா புடிக்கணும்."

பிறகு துப்பாக்கியை விட்டுவிட்டு நவ்ரீனைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். போட்டி எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டாய், எங்கே உட்கார்ந்திருந்தாய். டாக்டரம்மா மாதிரி ஒவ்வொன்றாக.

"ஹால்ல இன்னா போட்டுகினு இருந்த?"

"டி-ஷர்ட் ஆன்ட்டி. மேல ஸ்வெட்டர்."

"ஸ்வெட்டரா? நம்ம ஊர்லயா?"

"ஏசி ரொம்ப ஆன்ட்டி. வெரலெல்லாம் வெறச்சுப் போச்சு."

"நம்ம கிளப்புல ஏசி கீதா?"

எங்கள் கிளப்பில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் இரண்டு மின்விசிறியும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சுற்றும். ஜானட் துப்பாக்கியை ஒரு முறை தொட்டுப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "சார், காசிமேட்டுக்குப் போய் ஒரு பொட்டி ஐஸ் வாங்கிகினு வாங்க. ஒடச்ச ஐஸு."

ஜூஸ் போடப் போகிறார் என்று நான் நினைத்தேன். சத்தியமாக.

மீன்பிடித் துறைமுகத்து வாசலில் ஐஸ் விற்கும் தங்கப்பாண்டி, தெர்மாகோல் பெட்டியை நிரப்பிக் கொடுத்தபடி, "இன்னா மீனு சார், வஞ்சிரமா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். துப்பாக்கி என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

ஜானட் துப்பாக்கியை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, ஐஸின் மேல் ஒரு சாக்கை விரித்து, அதன் மேல் வைத்தார். கப்பல் குளிர்சாதன அறையில் வைக்கிற வெப்பமானி ஒன்றையும் பக்கத்தில் செருகி மூடினார். இருபதைக் காட்டும் வரை காத்திருந்தோம். போட்டி நடந்த ஹாலில் சுவரிலிருந்த எண்ணும் அதுதான். என் ஞாபகத்தைக் கிளறி வாங்கியிருந்தார். முக்கால் மணி நேரம். மீன் வாடை அடிக்கும் அந்தப் பெட்டியைச் சுற்றி நாங்கள் நால்வரும், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவர்கள் மாதிரி நின்றோம்.

வெளியே எடுத்தார். முதல் குண்டு நூற்று நாற்பத்தொன்பது. இரண்டாவது நூற்று நாற்பத்து நான்கு. அடுத்து நூற்று முப்பத்தாறு. நான்காவதற்கு விசையை இழுத்தபோது நடுவில் ஒரு கணம் சிக்கி, பிறகுதான் விட்டது. நூற்று இருபத்தொன்பது.

ஜானட் துப்பாக்கியைத் துணிமேல் வைத்தார். "மாட்டிகினியா" என்றார், அதனிடம்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வேறென்ன சொல்ல. இரண்டு மாதம் நாங்கள் இத்தனை பேர் ஒரு பெண்ணின் நெஞ்சுக்குள் தேடிக்கொண்டிருந்ததை, இந்த அம்மாள் ஒரு பெட்டி ஐஸைக் கொண்டு வெளியே இழுத்துப் போட்டுவிட்டார்.

இப்போது கழற்றினார், வேகவேகமாக, சூடு ஏறுவதற்கு முன்பு. விசையின் கொக்கிகளிலும், காற்று வால்வைத் தட்டுகிற சிறு சுத்தியின் பக்கங்களிலும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. ஊசியால் சுரண்டி எடுத்து விரலில் தேய்த்தார். உருகிக் காணாமல் போனது. பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோய்விட்டு, சலித்துக்கொண்டு என் மூக்கிடம் நீட்டினார்.

தேங்காய் எண்ணெய். மார்கழிக் காலையில் குளியலறைப் புட்டியில் உறைந்து நிற்குமே, அதே எண்ணெய். வந்ததிலிருந்தே எனக்கு அந்த வாசனை அடித்துக்கொண்டிருந்தது. யாரோ தலைக்குத் தடவியிருக்கிறார்கள் என்று இருந்துவிட்டேன். மூக்கு இருந்தும் பிரயோஜனமில்லாத ஜென்மம்!

வெயிலில் வேகிற எங்கள் கிளப்பில் அந்த எண்ணெய் தண்ணீராய் ஓடும். துப்பாக்கியும் ஒழுங்காகச் சுடும். குளிர்ந்த ஹாலில் இருபது குண்டுக்குள் மெல்ல உறைந்து சுத்தியைப் பிடித்துக்கொள்ளும். காற்று குறையும், குண்டு இறங்கும்.

நவ்ரீன் மெதுவாகத் திரும்பினாள். "அம்மா... நீயா?"

சாபிராவின் முகம் வெளிறிவிட்டது. "துருப் புடிக்கக் கூடாதுன்னுதான்மா. கடக்கரை வூடு, ஜன்னல் கம்பியே ரெண்டு வருசத்துல உதுந்து போவுது. நீ தூங்குனதும் தெனமும் தொடச்சு, தையல் மிஷினுக்கு வுடுற மாரி ரெண்டு சொட்டு..."

"ரெண்டு மேட்ச் போச்சும்மா! ரெண்டு மேட்ச்! நான் என்னையே..."

"ஏ, கத்தாத" என்றார் ஜானட். "அத்த அப்பால பாத்துக்கலாம். மொதல்ல இத்த கேளு. உனுக்குக் கை நடுங்கல. எப்பவுமே நடுங்கல. புரியுதா?"

நவ்ரீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்து, வெள்ளைத் துணி நனைய அழுதாள். ஜானட் அவள் முகத்துக்கு அடியிலிருந்து ஸ்பிரிங்குகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி நகர்த்தி வைத்தார்.

கழுவி, உலர்த்தி, சரியான எண்ணெயை ஊசி முனையால் தொட்டு வைத்து, திரும்பப் பூட்டி, மறுபடி ஐஸில் வைத்துச் சுட்டுக் காட்டினார். பத்துக்குப் பத்தும் நூற்றைம்பதை விட்டு நகரவில்லை. கிளம்பும்போது சாபிரா, "இனிமே அந்தச் சாமானை நான் தொட மாட்டேன் சிஸ்டர், அல்லா மேல ஆணை" என்றார். வழியெல்லாம் அம்மாவும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜானட் காலைப் பூசையை விட்டுவிட்டு இக்னேஷியஸின் டெம்போவில் வந்து இறங்கினார். ஹாலில் அதே குளிர். நான் மதிப்பெண் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜானட் அதைப் பார்க்கவே இல்லை. அவர் கண் முழுக்க நவ்ரீனின் ஆட்காட்டி விரலில் இருந்தது. இருபது குண்டு முடிந்ததும் சாபிரா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இருபத்தொன்றாவது குண்டு, பத்து. இருபத்திரண்டு, ஒன்பது. இருபத்து மூன்று, பத்து. கீழே இறங்கவில்லை. எழுபத்தைந்து நிமிடமும் முடிந்தபோது பலகையில் ஐந்நூற்று அறுபத்து இரண்டு என்று இருந்தது. நான் எழுந்து நின்று கத்தியதற்காக நடுவர் என்னை முறைத்தார்.

நவ்ரீன் துப்பாக்கிப் பெட்டியோடு வெளியே வந்தாள். வேர்த்திருந்தாள், அந்தக் குளிரிலும். அம்மாவுக்கு இரண்டடி முன்னால் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டாள். சாபிராவும் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை.

ஜானட் அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கித் திறந்தார். துப்பாக்கியில் குண்டு இல்லை என்று பார்த்துக்கொண்டார். தன் கைப்பையிலிருந்து ஒரு சுத்தமான துணியையும் சிறு எண்ணெய்க் குப்பி ஒன்றையும் எடுத்து, துப்பாக்கியோடு சேர்த்துச் சாபிராவிடம் நீட்டினார்.

"தொடச்சு வையி, பாயம்மா."

சாபிரா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஜானட் நீட்டிய கையை இறக்கவில்லை; அந்தக் கைகள் முன்னால் வரும் வரை அப்படியே நின்றார்.