மோட்டார் போட்டது யார்?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கும் அந்த மருமகளுக்கு வாய்ச்சொல்லில் நம்பிக்கை கிடையாது. "சர்க்கரைய கையால தொடறதே இல்லைங்க" என்று சத்தியம் செய்பவர்களின் ரத்தம் என்ன சொல்கிறது என்பதை அவள் தினமும் பார்க்கிறாள். அப்படிப்பட்டவள், இணையத்தில் உலவும் முன்பின் தெரியாத கோடிப் பேரை மட்டும் முழு மனதாக நம்பினாள்.

வீட்டு ஃபிரிட்ஜின் மேல், திரை உடைந்த பழைய லேப்டாப் ஒன்று ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் அவளுடைய சர்வர். அதில் மூன்று பக்கங்கள்: குடும்பப் படங்கள், மளிகைப் பட்டியல், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் போட ஓர் இணைப்பு. எல்லாம் அவளே கற்று அவளே எழுதியவை. வேலையிடத்திலிருந்தே போனில் மோட்டாரைப் போடலாம், மறுபடி தொட்டு நிறுத்தலாம்.

"பாஸ்வேர்டு வேணாமா?" என்று கணவன் ஒருமுறை கேட்டான்.

"அட்ரஸ் தெரிஞ்சாத்தானே வருவாங்க?" என்று அவன் வாயை அடைத்தாள். அடைத்த கையோடு, தன் கைவரிசையை நாலு பேர் பார்க்கட்டும் என்று ஓர் இணைய மன்றத்தில் அந்த அட்ரஸைப் போட்டும் வைத்தாள்.

பிறகு தொட்டி வழியத் தொடங்கியது. அதுவும் நடுப்பகலில், மாமனார் மட்டும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து. சமையலறைச் சுவரில் மோட்டாருக்குப் பழைய சுவிட்சும் உண்டு.

"நான் போடலைம்மா."

"போட்டுட்டு மறந்திருப்பீங்க மாமா."

மூன்றாவது தடவை வழிந்தபோது அவர் மறுக்கவில்லை. அதுதான் வீட்டில் யாருக்கும் பிடிக்காமல் போனது. எழுபத்தொரு வயதிலும் ஸ்கூட்டரில் போய் நண்பர்களைக் கேரம் பலகையில் துவைத்துவிட்டு வருபவர், சாவியை மருமகளிடமே கொடுத்துவிட்டார். நாள்காட்டியில் '10.15 கேஸ் அணைத்தேன்' என்றெல்லாம் குறித்துவைக்க ஆரம்பித்தார். மருமகள் சனிக்கிழமைக்கு ஞாபகமறதி டாக்டரிடம் நேரம் வாங்கினாள். எதற்கும் பரிசோதனை நல்லது அல்லவா?

வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. சாப்பாட்டு மேசையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது மோட்டார் உறுமியது. மாமனார் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

"பாத்துக்கோம்மா. ரெண்டும் இங்கதான் இருக்கு."

அவள் பட்டாணியை அப்படியே போட்டுவிட்டு சர்வரின் பதிவேட்டைத் திறந்தாள். யார் எப்போது எந்தப் பக்கத்தைத் தொட்டார்கள் என்று வரி வரியாக அதில் இருக்கும். தேடுபொறி ஒன்றுக்காகப் பக்கம் பக்கமாக மேயும் ரோபோ ஒன்று, மன்றத்தில் அவள் போட்ட அட்ரஸைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தது. கண்ணில் படும் இணைப்பையெல்லாம் தொட்டுப் பார்ப்பது அதன் பிழைப்பு. படங்களைத் தொட்டது, மளிகையைத் தொட்டது, 'மோட்டார் போடு' என்பதையும் தொட்டது. வழிந்த நாட்களின் நேரமும் அச்சாகப் பொருந்தியது.

வேலியில் போன ஓணானை அவளேதான் அழைத்து வந்திருக்கிறாள்.

மாலைக்குள் வேலையை முடித்தாள். மூன்று பக்கங்களுக்கும் தனித்தனிப் பூட்டு போடாமல், முன்னால் ஒரே வாசல். அங்கே பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். வீட்டில் ஆளுக்கு ஒரு கடவுச்சொல். அவற்றை அப்படியே எழுதிவைக்கவில்லை, யாரும் திரும்பப் படிக்க முடியாத எழுத்துக் குவியலாக அரைத்துத்தான் வைத்தாள். மாவைத் திருடுகிறவன் அதிலிருந்து அரிசியை எடுக்க முடியாது. மோட்டார் இணைப்பையும் மாற்றினாள். இனி வெறுமனே எட்டிப் பார்த்தால் ஓடாது, உள்ளே வந்து பொத்தானை அழுத்த வேண்டும். மறுநாள் ரோபோ வந்தது, தட்டியது, அனுமதி இல்லை என்று திரும்பியது. பதிவேட்டில் சுத்தமாக இருந்தது அந்த வரி.

மன்னிப்புக் கேட்பது அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. ஸ்கூட்டர் சாவியை அவர்முன் வைத்துவிட்டு, "டாக்டரை கேன்சல் பண்ணிட்டேன் மாமா" என்றாள்.

"ஏம்மா, நாள் மறந்துபோச்சா?"

"மோட்டாரப் போட்டது ஒரு ரோபோ. கதவத் திறந்து வெச்சது நான். தப்பு என் பேர்ல."

"அந்த ரோபோவுக்கு என்ன வயசிருக்கும்?"

"எதுக்கு மாமா?"

"வாங்கின அப்பாயின்ட்மென்ட் வீணாப் போகுதேன்னு பாத்தேன்."

அவரும் தனக்கென்று ஒரு கடவுச்சொல் வைத்துக்கொண்டார், இருபத்தேழு எழுத்தில். அந்த வாரத்திலேயே அவர் மகன் தன் எட்டெழுத்தை இரண்டு முறை மறந்தான். அவனுக்கு டாக்டரிடம் நேரம் வாங்கச் சொல்லி யாரும் பேச்செடுக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, பரிசோதனைக் கூடத்தில் இருந்தவளுக்குப் போன் வந்தது. பின்னணியில் கேரம் காய்கள் மோதும் சத்தம்.

"தொட்டி பாதிதான் இருக்குன்னு கிளம்பும்போதே பாத்தேன். இப்ப இங்கேருந்தே போன்ல மோட்டார் போட்டேன், இருபது நிமிஷத்துல நிறுத்திடுவேன். போட்டது நான்தான். உன் பதிவேட்டுல வந்திருக்கா, பாரு."

அவள் பார்த்தாள். 11.42. எதிரே மாமனாரின் பெயர்.

"வந்திருக்கு மாமா."

"அத அழிச்சிடாத" என்று சொல்லிவிட்டு அவர் ஆட்டத்துக்குத் திரும்பினார்.