எட்டும் எய்ட்டும்

என் வீட்டுக்காரருக்கு வானொலி நிலையத்தில் வைத்த பெயர் அகராதி. சொற்களின் பிறப்பை விசாரிப்பது அவர் நிகழ்ச்சி. ஒலி மேசை என் பொறுப்பு. வீட்டில் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் வாங்காதவர், இங்கே என் விரல் அசைவுக்குக் காத்திருப்பார். அந்த ஒரு சுகம்தான் எனக்கு.

போன வாரம் ஒரு நேயர், "எட்டுதானே ஆங்கிலத்துல எய்ட்டுன்னு ஆச்சு?" என்று கேட்க, நேரம் முடிகிற அவசரத்தில் இவர் "ஆமா" என்று சொல்லித் தொலைத்தார். பாராட்டு குவிந்தது. நிகழ்ச்சியைத் தினமும் வைக்கலாம், இருவர் வேலையும் நிரந்தரம் என்றார் மேலாளர்.

இவருக்கோ இன்று காலை வரை சோறு இறங்கவில்லை.

"தப்பா சொல்லிட்டேன். இன்னைக்குத் திருத்திரணும்."

"ஒரு சொல்லுக்காக நம்ம வயித்துல நாமே அடிச்சுக்கணுமா? பேசாம இருங்களேன்!" அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன எனக்கு.

நேரலை தொடங்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"போன வாரம் நான் சொன்னது தப்புங்க," என்று ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆரம்பித்தார் இவர். "நம்ம எட்டுக்கு அடியில எண் இருக்கு. எண்பது, எண்ணூறுன்னு இன்னும் சொல்றோமே. அவங்க எய்ட்டுல ஒரு காலத்துல தொண்டையில உரசுற ஒலி ஒண்ணு இருந்துச்சு. ஜி, எச்னு எழுத்துல இருக்கு, வாயில போயிருச்சு. வேற வேற வீட்டுப் பிள்ளைங்க, வழியில முகம் ஒத்துப்போச்சு. சீனத்துலயும் நீன்னா நீதான். அதுக்காகச் சம்பந்தி ஆயிருவோமா?"

மேலாளர் என் காதருகே குனிந்தார். "குரலைக் குறைம்மா. பாட்டைப் போடு."

குரலை ஏற்றி இறக்கும் விசைமேல் என் விரல் இருந்தது. கீழே இழுத்தால் போதும், மாதச் சம்பளம் தப்பும். காலையில் நான் கேட்டதும் அதைத்தானே?

ஆனால் இவர் குரல் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது. பயந்தால் அப்படித்தான். என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்ட அன்றும் பாதி காதில் விழவில்லை.

கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார். "தெரியாம ஆமான்னு சொல்லல. தெரிஞ்சேதான் சொன்னேன். நீங்க..."

"குறைன்னு சொன்னேன்ல!" என்றார் மேலாளர்.

நாளை இந்த மேசையில் வேறொருத்தி உட்காருவாள் என்று தெரிந்துதான் விசையை மேலே தள்ளினேன்.

"...நீங்க என்னை மன்னிக்கணும்."

ஒரு சொல் தவறாமல் ஊருக்கே கேட்டது.