கப்பலுக்குப் போன தாய்லாந்து நூடுல்ஸ்

கிடர்பூர் துறைமுகத்தில் வழக்கில் சிக்கி நின்ற சரக்குக் கப்பலுக்கு நான் காவல் ஆளாக இருந்தேன். வழக்கு முடியும்வரை கப்பலில் இருந்தவர்கள் கரையிறங்கக் கூடாது என்று உத்தரவு. அவர்களில் ஒருவர் தூத்துக்குடிக்காரச் சமையல்காரர். கறுத்து வற்றிய உடம்பு. எந்நேரமும் கரைப்பக்கக் கம்பியில் சாய்ந்து நிற்பார். பாங்காக்கில் பல தடவை இறங்கிச் சாப்பிட்டவர். ஊருக்குள் நல்ல தாய்லாந்து நூடுல்ஸ் தேடி வாங்கிவரச் சொல்லுவார்.

பொட்டலத்தை உடனே பிரிக்க மாட்டார். "எந்த வழியாலே வந்த?" என்பார். பஸ், நெரிசல், தெருவில் நின்ற மழைத்தண்ணீர் எல்லாவற்றையும் நான் சொல்ல வேண்டும். அப்புறம்தான் ஒரு வாய் தின்பார்.

"புளிக்குப் பதிலா தக்காளி சாஸை ஊத்தியிருக்கான். வேற கடை பாருலே."

கடைசியில் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு சின்னக் கடையில் புளி கரைத்து ஊற்றுவதைக் கண்ணால் பார்த்து வாங்கி வந்தேன். அன்று அவர் குறை சொல்லாமல் தின்றார். ஓர் இழைகூட மிச்சமில்லை. விரலையும் நக்கினார்.

"இனிமே இந்தக் கடைதானே, அண்ணாச்சி?"

அவர் கரையைப் பார்த்தார்.

"சரியில்லலே. நாளைக்கு வேற கடை பாரு. கொஞ்சம் தூரமான கடையா."

மறுநாள் ஆற்றைத் தாண்டிச் சாந்த்ராகாச்சி வரை போய்வந்தேன். அங்கே தாய்லாந்துக் கடை எதுவும் இருக்காது என்று தெரிந்தேதான் போனேன்.