ஒன்று புள்ளி ஒன்பது

வஜீஹாவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கிண்டிக்குப் போகும் பஸ் சைதாப்பேட்டை நெரிசலில் நின்றால் இறங்கி நடக்கத் தொடங்கிவிடுவாள். பாதி வழியில் அதே பஸ் அவளைத் தாண்டிப் போகும். தெரிந்தும் மறுநாள் இறங்குவாள். பாண்டி பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவள் கணவர் ஷரஃபுதீன், காலையில் வீட்டைப் பூட்டியதும் படியில் நின்றுவிடுவார். அவள் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வர வேண்டுமே.

குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டர் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. பெட்டிக்குள் இருக்கும் சூட்டைப் பார்த்து ஹீட்டரைப் போட்டு அணைக்கும் புரோகிராமை இப்போது அவளும் கூட வேலை பார்க்கும் கிச்சாவும் எழுதிவந்தார்கள். செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் எண் போட்டுக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்கும் பழக்கத்தை அங்கே கொண்டுவந்தவள் அவள். எண்ணைச் சொன்னால், அன்றைக்கு புரோகிராம் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கிடைக்கும். ஆனால் அதுவரை பழையதை யாரும் கேட்டதில்லை.

தொண்ணூற்றாறு ஜூலையில் ஒருநாள் காலை, மயிலாப்பூர் நர்சிங் ஹோம் ஒன்றிலிருந்து போன் வந்தது. பேசியவர் நர்ஸ் சொர்ணம்.

"மேடம், கரண்டு போய்ட்டு வந்துச்சு. பொட்டி முப்பத்தாறுன்னே காட்டிக்கினு கீது. கொயந்தைய தொட்டா சில்லுனு கீது. எடுத்து அவங்கம்மா நெஞ்சு மேல போட்டுப் போத்தி வச்சிருக்கேன்."

குழந்தை நன்றாக இருக்கிறது, உடம்பு சூடேறிக்கொண்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வஜீஹாவுக்கு மூச்சு வந்தது. பெட்டியை அணைத்துப் போட்டு, திரையில் முதலில் வரும் புரோகிராம் எண்ணைப் படிக்கச் சொன்னாள். ஒன்று புள்ளி ஒன்பது. மூன்று வருஷத்துக்கு முந்தைய பெட்டி. அந்த நர்சிங் ஹோமில் இருந்தது அது ஒன்றுதான்.

இப்போது ஓடுகிற இரண்டு புள்ளி நான்கை அதில் போட்டுவிடலாம், அதை ஏற்றிய சிப் தயாராக இருக்கிறது என்றான் கிச்சா. முதலாளி வெங்கடரமணனுக்கும் அது சரியாகப் பட்டது. வஜீஹா மாட்டேன் என்றாள். பழைய பெட்டியில் சூட்டை அளக்கும் சென்சார் வேறு வகை. புதிய புரோகிராம் அதை ஒரு டிகிரிக்கு மேல் தப்பாகப் படிக்கும்.

ஒன்று புள்ளி ஒன்பதை எழுதிய சுஹாஸ் அமெரிக்கா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதில் என்ன இருக்கிறதென்று இப்போது யாருக்குத் தெரியும் என்று கேட்டார் வெங்கடரமணன்.

"கம்ப்யூட்டர்ல இருக்கு சார். எடுத்துப் பாக்கறேன்."

நின்றபடியே அந்த எண்ணைத் தட்டினாள். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, அழித்துவிடலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. சரி என்று அழுத்தினாள். அழுத்திய பிறகுதான் கை நின்றது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்காகப் போன வாரத்திலிருந்து எழுதிவந்த புதிய அலாரம் அந்த ஃபைலில்தான் இருந்தது. எண் போட்டுச் சேர்த்து வைக்கவில்லை. எல்லோருக்கும் அந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவளே செய்யவில்லை.

போய்த் தண்ணீர் குடித்தாள். ஜன்னல் வரைக்கும் நடந்தாள். என்ன ஆச்சு என்று கிச்சா கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். திரும்பி வந்தபோது திரையில் சுஹாஸ் எழுதியது காத்திருந்தது. அதைப் படிக்க ஆரம்பித்தாள்.

மதியத்துக்குள் பிடித்துவிட்டாள். திரையில் எண் துள்ளிக்கொண்டே இருக்கக் கூடாது என்று சுஹாஸ் கடைசிச் சில அளவுகளுக்குச் சராசரி எடுத்திருந்தான். அந்தச் சராசரி, கரண்ட் போனாலும் அழியாத இடத்தில் இருந்தது. கரண்ட் திரும்பியதும் புது அளவு எதுவும் அதில் சேராமல், பெட்டி பழைய சூட்டையே நம்பி, ஹீட்டரைப் போடாமல் இருந்துவிட்டது. திருத்த வேண்டியது நான்கைந்து வரிகள்தான். திருத்தியதை இரண்டு புள்ளி நான்குக்குப் பின்னால் வைக்காமல், ஒன்று புள்ளி ஒன்பதிலிருந்து பிரியும் தனிக் கிளையாகச் சேர்த்து வைத்தாள். இந்தத் தடவை மறக்கவில்லை.

அடுத்து சிப். அதில் முன்பு இருந்ததை அழிக்க, புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் அரைமணி நேரம் வைத்திருக்க வேண்டும். அவசரப்படுத்த வழியில்லை. அந்த அரைமணியும் வஜீஹா வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள். அலாரத்தில் எழுதியிருந்த வரிகளை ஞாபகப்படுத்திப் பார்த்தாள். வரவில்லை.

மயிலாப்பூருக்கு ஆட்டோவில் போய்ச் சிப்பை மாற்றினாள். குழந்தைக்குப் பதிலாக வெந்நீர் நிரப்பிய சலைன் பாட்டில்களைப் பெட்டிக்குள் அடுக்கி, தெர்மாமீட்டரைச் செருகி, ஸ்விட்சை அணைப்பதும் போடுவதுமாக இருந்தாள்.

"போதும்மா, சரியாத்தான் காட்டுது," என்றார் சொர்ணம்.

"இன்னொரு தடவ பாத்துடறேன்."

சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்துக் குழந்தையைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார். வைத்த பிறகும் சொர்ணம் கையை உள்ளே விட்டு அதன் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதில் வஜீஹாவுக்கு வருத்தமில்லை.

அலாரம் அழிந்துபோனதை மறுநாள் வெங்கடரமணனிடம் சொன்னாள். நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொல்லியிருந்தா என்னை அதுல உக்கார வச்சிருப்பீங்க சார்."

அவர் கோயம்புத்தூருக்குப் போன் போட்டு அவகாசம் கேட்டார். திரும்ப எழுதி முடிக்க அவளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஓரிடத்தில் முதல் தடவை எப்படிச் செய்தாள் என்பது கடைசிவரை ஞாபகத்துக்கு வரவில்லை. வேறு மாதிரி எழுதினாள். அது அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

பிறகு, வெளியே இருந்த மற்ற ஒன்று புள்ளி ஒன்பது பெட்டிகளைத் தேடிப் போய்ச் சிப் மாற்றினாள். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. அதை வாங்கிய கோடம்பாக்கம் நர்சிங் ஹோமை மூடிவிட்டார்கள். சாமான்களை எடுத்துப் போன ஆளுக்கு, பெட்டியை யாருக்கு விற்றான் என்று சொல்லத் தெரியவில்லை. கம்பெனியிலிருந்து டாக்டர்கள் சங்கத்துக்கு எழுதிப் பார்த்தார்கள். எங்கிருந்தும் தகவல் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, தங்கை நஸ்ருன்னிசாவுக்கு அடையாறில் பிரசவம். வஜீஹா படியேறி நேரே பச்சைக் குழந்தைகள் இருக்கும் அறைக்குப் போய், அங்கிருந்த பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்து, ஒட்டியிருந்த கம்பெனிப் பெயரையும் எண்ணையும் படித்தாள். எல்லாம் வெளிநாட்டுப் பெட்டிகள். அதன் பிறகுதான் தங்கையிடம் வந்தாள்.

"புள்ளையப் பாக்க வந்தியா, பொட்டியப் பாக்க வந்தியாக்கா?" என்று நஸ்ருன்னிசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வஜீஹா குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு, உள்ளே வந்த நர்ஸிடம், இதற்கு முன் எந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தீர்கள், அங்கே எந்தப் பெட்டி இருந்தது என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.