மேற்கோள் குறி போடாத வாக்கியம்

பழுப்பு அட்டை போட்ட ஒரு காம்போசிஷன் நோட்டு. அதில் ஒரு பக்கத்தின் அடியில் சிவப்பு மையால் 'காப்பியடித்தது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நோட்டு என் அறைத் தோழியுடையது. காப்பியடித்தவள் நான்.

ஐம்பதுகளின் நடுவில், இராமநாதபுரத்தில் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. கமுதிப் பக்கம் எங்களுக்கு மிளகாய்க் காடு நிறைய உண்டு. அவளுடைய அம்மா அதே பக்கத்தில் யார் யார் காட்டிலோ கூலிக்கு மிளகாய்ப் பழம் பறித்தவர். 'எங்கள் ஊர்' என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவள் குளிக்கப் போயிருந்த நேரம் அவள் நோட்டைப் பிரித்தேன். மிளகாய் பறித்துவிட்டு வரும் தன் அம்மா, மூன்று முறை கை கழுவாமல் தம்பியைத் தூக்குவதில்லை என்று எழுதியிருந்தாள். அதையும் அடுத்த பத்தியையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். 'என் அம்மா' என்பதை மட்டும் 'ஒரு பெண்' என்று மாற்றினேன், தம்பியைக் குழந்தையாக்கினேன்.

ஆங்கில டீச்சர் இரண்டு நோட்டையும் மேசைமேல் விரித்து வைத்து எங்களைக் கூப்பிட்டார். டென்சும் பிரிப்போசிஷனும் பிசகாத அந்த ஆங்கிலம் ஒரு கூலிக்காரி மகளுடையதாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"அடுத்தவங்க வாக்கியத்த எடுத்தா மேற்கோள் குறி போட்டு, யாருதுன்னு எழுதணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்று அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அது எங்கம்மாவப் பத்தி நான் எழுதுனது டீச்சர்" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "ஏ புள்ள, நீ சொல்லு."

நான் வாயே திறக்கவில்லை. டீச்சர் அதை என் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அந்த வருடம் கட்டுரைப் பரிசு எனக்கு. அவள் வார்டனிடம் கேட்டு வேறு அறைக்குப் போய்விட்டாள்.

பத்து வருடம் கழித்து, ஏர்வாடி போகும் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். வாலிநோக்கத்தில் ஆசிரியையாக இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, மென்று முழுங்கி, மன்னிப்புக் கேட்டேன்.

"இத எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? எனக்குத்தான் தெரியுமே. நீங்க டீச்சர்ட்டயில்ல சொல்லியிருக்கணும்" என்றாள். என்னை அவள் 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.

"இப்பக்கூடப் போய்ச் சொல்றேன். எங்கன இருக்காங்க?"

"போன தையில இறந்துட்டாங்க." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னாள்: "முடியாமக் கிடக்காங்கன்னு போய்ப் பார்த்தேன். அப்பவும், 'இப்பல்லாம் சொந்தமா எழுதுறியாம்மா'ன்னு கேட்டாங்க."