சங்ஹ்வா மூடிய துறைமுகம்

கொரியாவின் பங்க்யோவில் எங்கள் கணினி விளையாட்டு நிறுவனத்தில் பழைய சர்வரைப் பார்த்துக்கொண்டவர் பியோன் சங்ஹ்வா என்ற பெண்மணி. அதில் ஓடியது கடல் வணிகம் செய்யும் ஆன்லைன் ஆட்டம். புதிய பதிப்பு வந்தபோது பழைய ஆட்டக்காரர்கள் சண்டை பிடித்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தக் கொஞ்ச காலத்துக்கு என்று விட்டுவைத்த சர்வர், ஆண்டுக்கணக்கில் ஓடியது. பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராய் வேலையை விட்டுப் போக, கடைசியில் சங்ஹ்வா மட்டும் மிஞ்சினார்.

ஒருநாள் மேலாளர் நம்குங் எங்கள் மேசைக்கு வந்தார்.

"அந்தப் பழைய சர்வர் வழியா எவனோ உள்ள நுழையப் பாத்திருக்கான். இனியும் தெறந்து வச்சா புது ஆட்டக்காரங்க விவரமும் போயிடும்."

"உள்ள இன்னும் ஆளுங்க இருக்காங்க சார்," என்றார் சங்ஹ்வா.

"எத்தன பேரு? எல்லாரையும் ஒரே பஸ்ஸுல ஏத்திடலாம்."

"அந்த பஸ்ஸுல ஏற முடியாதவரும் ஒருத்தர் இருக்காரு."

நுழைய முயன்றவனின் தடத்தைச் சங்ஹ்வா தானே தேடிப் பார்த்தார். நம்குங் சொன்னது உண்மைதான். மறுநாள், மூடிவிடலாம் என்று அவரே எழுதிக் கொடுத்தார். கோடை வரை மட்டும் அவகாசம் கேட்டார். அன்று அவர் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை.

பிறகு என்னையும் அழைத்துக்கொண்டு தென்கடலோர நகரான மொக்போவுக்குப் போனார். பஸ்ஸில் ஏற முடியாதவர் என்று அவர் சொன்ன ஓக் சீவுன், அங்கே கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். விபத்துக்குப் பின் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. வாயில் ஒரு குச்சியைக் கடித்துக்கொண்டு, விசைப்பலகையின் இரண்டே விசைகளில் பழைய ஆட்டத்தில் கப்பல் ஓட்டினார். புதியதில் அது முடியாது. அவர் தங்கை எங்களுக்குக் கடற்பாசிச் சூப் வைத்தாள்.

"மூடப்போறோம். அத நேர்ல சொல்லத்தான் வந்தேன்," என்றார் சங்ஹ்வா.

சீவுன் குச்சியைக் கீழே விட்டார். "போன்லயே சொல்லியிருக்கலாமே மேடம். எனக்கு முகத்த மறைச்சுக்க வசதியா இருந்திருக்கும்."

சங்ஹ்வாவால் சூப்பைக் குடிக்க முடியவில்லை.

அந்த வசந்தம் முழுக்கப் புதிய பதிப்பில் இரண்டு விசைகளில் ஆடும் வழியைச் செய்தார். நம்குங் முணுமுணுத்தாலும் தடுக்கவில்லை. மூடும் நாளன்று நண்பகலில் மிச்சமிருந்த கப்பல்கள் எல்லாம் ஆட்டத்தின் துறைமுகத்தில் வந்து நின்றன. சர்வரைச் சங்ஹ்வாவே நிறுத்தினார்.

ஒரு வாரம் கழித்து சீவுன் போன் செய்தார்.

"கப்பல் நல்லா ஓடுது மேடம். கூடப் பேசிட்டிருந்தவங்களத்தான் காணோம்."

பழைய சர்வரில் வைத்திருந்த ஆட்டப் பெயர் தவிர, அங்கே ஆடியவர்களுக்கு ஒருவரைப் பற்றி ஒருவருக்கு எதுவும் தெரியாது. இதை யோசிக்காமல் போனோமே என்று சங்ஹ்வா வெகுநேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு நிறுவனத்தின் அனுமதியோடு, பழைய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார்: ஞாயிறு மாலை, புதிய ஆட்டத்தின் வடக்குத் துறைமுகத்தில் சீவுன் தன் பழைய ஆட்டப் பெயரில் காத்திருப்பார்.

பாதிப் பேர்கூட வரவில்லை. சிலர் ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள், ஒருவர் இறந்துபோயிருந்தார். வந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போகாமல், சீவுனின் கப்பல் வேகத்துக்குத் தங்கள் கப்பல்களை மெதுவாக்கிக்கொண்டு கூடவே போனார்கள். சங்ஹ்வா அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.